நின்று கெட்ட வண்டி

மோட்டார் சைக்கிள் ஓடினால் தேயும், நிறுத்திவைத்தால் அப்படியே இருக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் கொல்லைத் தாழ்வாரத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ சாக்குப் போர்த்தி நிற்கும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். பத்து வருடம் ஓடிய வண்டியில் தேய்ந்த சாமான்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: பிஸ்டன், ரிங், செயின், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ. எதை மாற்ற வேண்டும் என்பது பார்த்ததுமே தெரியும். பத்து வருடம் நின்ற வண்டியிலோ டாங்கின் அடி ஓட்டையாகியிருக்கும், கார்புரேட்டர் அடைத்திருக்கும், பேரிங் சொரசொரக்கும், ஆயில் சீல் கட்டை தட்டியிருக்கும், போல்ட்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். ஓட்டம் செய்யும் சேதம் உராய்வால் வருவது. நிறுத்தம் செய்யும் சேதம் வேதியியலால் வருவது. பழைய வண்டியை வீட்டில் வைத்து மீட்டெடுக்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதோடுதான் மல்லுக்கட்டு.

பதினொரு குதிரைகள்

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து 1985இல் ஆர்.எக்ஸ். 100ஐ இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1996 வரை அது தயாரானது. எஞ்சின் 98 சி.சி. பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ.; அது மேலும் கீழும் போய்வரும் தூரமும் 50 மி.மீ. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். சுமார் 100 கிலோ வண்டிக்கு அந்தக் காலத்தில் இது பெரிய சக்தி. 1983இல் வந்த ராஜ்தூத் 350, ஓசூரில் 1984 முதல் தயாரான இந்த்-சுஸுகி ஏ.எக்ஸ். 100 ஆகியவையும் இதே டூ ஸ்ட்ரோக் வம்சம்தான். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

7,500 சுற்று என்றால் நொடிக்கு 125. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆக நொடிக்கு 125 வெடிப்பு. ஒரு சுற்றில் பிஸ்டன் 100 மி.மீ. பயணம் செய்கிறது, அதன் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கி.மீ. இடையில் நொடிக்கு 250 முறை அது நின்று திரும்பவும் வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் தலையில் இருக்கும் வால்வுகள் இதில் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை ஒரு பம்பு. பிஸ்டன் மேலேறும்போது அது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவையை அழுத்தி மேலே தள்ளும். புதுக் கலவை நுழைவதும் எரிந்த புகை வெளியேறுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பதால், கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும்.

இந்த நஷ்டத்தைக் குறைப்பது சைலன்சரின் உள்வடிவம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாகஸ்வரத்தில் எப்படி விரிந்துகொண்டே போகும் குழலுக்குள் காற்றலை முன்னும் பின்னும் ஓடித் திரும்புகிறதோ, அப்படித்தான் இங்கும். புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி, மிச்சப் புகையை வெளியே இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகவே திரும்பி, தப்பிப் போன புதுக் கலவையைத் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடி. அலை போய்த் திரும்பக் கிடைப்பது சுமார் அரைச்சுற்று, 4 மில்லி நொடி. சூடான புகையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் போகும். ஆக இரண்டு மீட்டர்: போக ஒன்று, வர ஒன்று. டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகைக்குழாய் இத்தனை நீளமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இதைக் கணக்குப் போட்டுச் சாதித்தவர் கிழக்கு ஜெர்மனியின் ச்சோப்பாவ் நகரில் எம்.இசட். நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது ஒரு லிட்டர் எஞ்சின் கொள்ளளவுக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி, சுஸுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுஸுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. காடனின் வித்தை ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து நம் ஊர்த் தெருக்களுக்கும் வந்தது.

மீட்டெடுப்பவருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பெட்ரோலோடு வந்த எண்ணெய் எரியாமல் சைலன்சருக்குள் கரியாகப் படிந்தால் அலை திரும்பும் பலம் குறைந்து, வண்டி “இழுக்காது”. எஞ்சினைத் தொடும் முன் சைலன்சரின் கரியை எடுக்கச் சொல்லும் மெக்கானிக் இயற்பியல் பேசுகிறார். சத்தத்துக்காகக் குழாயின் பின்பகுதியை அறுத்துப்போடுபவர், கலவையைத் திருப்பித் தள்ளும் அந்தக் குறுகலையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார். சத்தம் கூடும், சக்தி குறையும்.

கிராங்க் அறை பம்பாக வேலை செய்ய வேண்டுமானால் காற்று கசியக் கூடாது. கிராங்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள்தான் அதற்குக் காவல். வருடக்கணக்கில் நின்றால் அவற்றின் உதடு காய்ந்து இறுகிவிடும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று புகுந்து கலவை நீர்த்து, சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி ஓயாமல் வெள்ளைப் புகை விடும். கிராங்க் பேரிங்கை நனைத்துவைக்க ஃபோர் ஸ்ட்ரோக்கைப்போல அடியில் தேங்கிய எண்ணெய் இங்கே கிடையாது. பெட்ரோலோடு வரும் எண்ணெயின் மெல்லிய படலம்தான் எல்லாம். வண்டி நின்றால் அந்தப் படலம் வடிந்து, இரவுக் குளிரில் ஈரம் படிந்து, உருளைகள் தொடும் இடத்தில் நுண்ணிய குழிகள் விழும். சீலும் பேரிங்கும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்வது இதனால்தான்.

துளியின் நடுவில் நடப்பது

பூமியில் இரும்பு பெரும்பாலும் ஆக்சைடாகவே கிடைக்கிறது. உலையில் அதன் ஆக்சிஜனைப் பிரித்துத்தான் இரும்பு எடுக்கிறோம். ஈரமும் காற்றும் கிடைத்தால் அது பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்புதலைத்தான் துரு என்கிறோம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் டெல்டாவில் அந்த எல்லை வாரக்கணக்கில் மீறப்படும்.

கேம்பிரிட்ஜில் யு.ஆர். எவன்ஸ் 1920களில் ஒரு எளிய சோதனை செய்தார். இரும்புத் தகட்டின்மேல் ஓர் உப்புநீர்த் துளி. காற்று தாராளமாகக் கிடைக்கும் துளியின் விளிம்பில்தான் இரும்பு அரிக்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர் எதிர். ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதியில் இரும்பு கரைந்தது, விளிம்பு தப்பியது. நடுவில் கரையும் இரும்பு எலக்ட்ரான்களை விடுகிறது. விளிம்பில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. ஒரு துளி நீரே ஒரு சின்ன பேட்டரி.

இதைப் புரிந்துகொண்டால் வண்டியில் துருவை எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். மட்கார்டின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த வயல் களிமண்ணுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே சேஸிஸ் மடிப்பில், நம்பர் பிளேட்டின் பின்னால்: எங்கெல்லாம் ஈரம் தங்கிக் காற்று எட்டாதோ அங்கெல்லாம். சைலன்சரின் குரோம் பூச்சும் இதே கதைதான். குரோம் துருப்பிடிக்காது, ஆனால் அந்தப் பூச்சு ஒரு மைக்ரானைவிட மெலிது. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் அடியிலிருக்கும் இரும்புக்குப் போகிறது. மேலே தெரியும் செம்புள்ளிகளை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் எடுத்துவிடலாம். குரோமைவிட அலுமினியம் மென்மை என்பதால் கீறல் விழாது. உரிந்துபோன குரோமுக்கு மட்டும் மறுபூச்சைத் தவிர வழியில்லை.

டெல்டா வண்டிக்கென்று தனியாக இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உரம். டாங்குக்கும் சீட்டுக்கும் நடுவே மூட்டையைக் குறுக்கே போட்டு வயலுக்குக் கொண்டுபோகும்போது சிந்தும் பொட்டாஷ், வேதியியலில் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு இரும்பின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். ஈரக் காற்றில் யூரியாவும் பொட்டாஷும் நீரை இழுத்துக் கசிந்து, துரு கேட்கும் உப்புநீரைத் தாங்களே தயாரித்துக் கொடுக்கும். இரண்டாவது எதிரி மாட்டுக்கொட்டகையின் அம்மோனியா. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், உறையைச் செய்தபோதே உள்ளே தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்தே அதைப் பிளந்தன என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. சக்கரக் கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் நிப்பிள்களும் பெரும்பாலும் பித்தளைதான், இறுக்கத்தில் இருப்பவைதான். கொட்டகையில் நின்ற வண்டியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

இந்த அரிப்பையும் ஆராயும் ஒரு தேசிய நிலையம் தஞ்சாவூருக்குத் தெற்கே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. உலோகத் துண்டுகளை ஊர் ஊராக வெயிலிலும் மழையிலும் வைத்து, இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தவர்கள் அதன் விஞ்ஞானிகள். மண்டபம் கடற்கரையில் அவர்கள் வைத்திருக்கும் சோதனைக் களம் நாட்டிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. ஒரே தகடு ஊருக்கு ஊர் வேறு வேகத்தில் கரையும் என்பதே அந்த வரைபடத்தின் பாடம். கடலை ஒட்டிய நாகப்பட்டினத்தில் நின்ற வண்டியையும் உள்நாட்டுத் தஞ்சாவூரில் நின்ற வண்டியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

சிலைக்குச் செய்த வைத்தியம்

துருவை நீக்கப் பல வழிகள் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் வீடுகளுக்கு அமிலத்தின் வேலை தெரியும். புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் உலோக ஆக்சைடைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். டாங்கின் உட்புறத்துக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் நல்ல தேர்வு. ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், பிராக்கெட் போன்ற இரும்புச் சாமான்களுக்கு மின்சாரம் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டில் அந்த மின்வைத்தியம் முதலில் நடந்தது செப்புத்திருமேனிகளுக்கு. மண்ணுக்கடியில் நூற்றாண்டுகள் கிடந்த சிலைகளில் குளோரைடு தங்கி, வெளியே எடுத்தபிறகும் பச்சைப் பொடியாக அரித்துக்கொண்டே இருக்கும். இதைச் சமாளிக்க 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். இந்திய அருங்காட்சியகங்களில் அதுவே முதல். அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் சிலைகளைச் சுத்தம் செய்தார். தஞ்சைப் பெரியகோயில் ஓவியங்களின் சுண்ணப்பூச்சை ஆராய்ந்தவரும் அவரே.

வீட்டில் செய்வதற்கும் அதே தத்துவம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த சாமானை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், கட்டுமானக் கம்பித் துண்டு ஒன்றைப் பாசிட்டிவ் முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் முக்கிவைக்க வேண்டும். சாமானின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவை நெகிழ்த்தித் தள்ளும். துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறும். நல்ல இரும்புக்குச் சேதமில்லை. கரைந்துபோன இரும்பு மட்டும் திரும்பி வராது.

இதில் சில கண்டிப்புகள் உண்டு. ஹைட்ரஜன் தீப்பற்றும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் போட்டால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் இறங்கும். அலுமினியச் சாமானைப் போட்டால் காரமே அதைத் தின்றுவிடும். ஸ்பிரிங்கையும் உயர்வலு போல்ட்டையும் போடக் கூடாது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். எடுத்த சாமானைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிரைமர் அடிக்காவிட்டால் மறுநாளே செம்மை படரும்.

அருங்காட்சியகங்கள் பிற்பாடு இந்த முறையைக் குறைத்துக்கொண்டன. மின்சாரம் நோயை மட்டும் எடுக்கவில்லை. காலம் ஏற்றிய மெருகையும், அதோடு ஒட்டியிருந்த மேற்பரப்பு நுணுக்கங்களையும் சேர்த்து எடுத்துவிட்டது. வண்டிக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும். கம்பெனி அடித்த பெயிண்டும் ஸ்டிக்கரும் பாதிக்குமேல் உயிரோடு இருந்தால், பாலிஷ் போட்டுக் காப்பாற்றுவதே மேல். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரோ மணலடிப்போ கூடவே கூடாது. 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த எழுத்துகள் மங்கிவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகும்.

டாங்குக்குள் அரிசி

டாங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பெட்ரோலாகவே இருப்பதில்லை. லேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஜெட்டுகளை அடைக்கும். பைலட் ஜெட்டின் துளை அரை மி.மீ.க்கும் குறைவு. அதை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். பித்தளை மெது, துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும், பெட்ரோலும் ஏறக்குறைய அந்த அளவு கூடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடிப்பதே முறை.

இப்போது எத்தனால் வேறு. 2025இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்த எத்தனாலுக்குக் கரும்போடு மக்காச்சோளமும், இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் போகின்றன. நெல் விளையும் ஊரில் வண்டி அரிசியைக் குடித்து ஓடுகிறது என்றால் பொய்யில்லை. ஆனால் ஆர்.எக்ஸ். 100 அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும், துரு அங்கிருந்து தொடங்கும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் அது ஊதவைக்கும். அதோடு, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை நீர்க்கும். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 விழுக்காடு கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு நீர்த்ததாகிறது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் பிடிப்பதற்கு நீர்த்த கலவை ஒரு முக்கியக் காரணம். ஒரு அளவு பெரிய மெயின் ஜெட், புதிய ரப்பர் குழாய், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுவது: இவை மூன்றும் இன்றைய மீட்டெடுப்பில் கட்டாயம்.

டாங்கில் ஓட்டை இருந்து வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால் இன்னொரு விஷயம். பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்க் ஆபத்து. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தால் வெடிக்கும். காலியாகத் தோன்றும் டாங்கில் அந்த அளவு எப்போதும் இருக்கக்கூடும். நன்றாகக் கழுவி, ஒட்டும் இடம் வரை தண்ணீர் நிரப்பித்தான் தீயைக் காட்ட வேண்டும். ஆபத்து டாங்கோடு முடிவதில்லை: 1980களின் பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

வெந்நீரும் தை மாதமும்

இறுகிப்போன பேரிங்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினால் அலுமினியக் கேஸ் விரிசல் விடும். சூடுபடுத்தினால் தானே விடும். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரிவடைகிறது. 52 மி.மீ. அகலக் குழியை 30 டிகிரியிலிருந்து கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுபோனால் 0.08 மி.மீ. பெரிதாகும், உள்ளிருக்கும் எஃகு பேரிங் அதில் பாதியளவே பெரிதாகும். அந்த 0.04 மி.மீ. இடைவெளி போதும், பேரிங் நழுவி விழ. புதியதைப் போடும்போது அதை முன்பே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் கையாலேயே உட்காரும்.

பெயிண்டுக்கு எதிர்க் கணக்கு. தெளித்த பெயிண்டிலிருந்து தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிரில் நுண்துளிகள் படிந்து, பெயிண்ட் வெளுத்துப் போகும். கார்த்திகையில் அடித்த கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். டெல்டாவில் பெயிண்டுக்குக் காலம் சம்பா அறுவடை முடியும் தை, மாசி. மழைக்காலத்தில் பிரித்துத் துரு எடுத்துப் பிரைமர் அடிக்கலாம். நிறம் மட்டும் தைக்குக் காத்திருக்கட்டும்.

எல்லாம் முடிந்து வண்டி கிளம்பிவிட்டபிறகு பலர் ஒரு தவறான அக்கறை காட்டுவார்கள்: வாரம் ஒருமுறை வாசலில் நிறுத்தி, இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்துவிட்டு அணைத்துவிடுவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. சைலன்சர் சூடேறினால் அது ஆவியாக வெளியேறும். இரண்டு நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே படிந்து, புகையின் அமிலங்களோடு சேர்ந்து துருவை வளர்க்கும். அப்படி ஸ்டார்ட் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். மாதம் இரண்டு முறை தஞ்சாவூரிலிருந்து வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் தாண்டித் திருவையாறு வரை போய்த் திரும்பினால் இருபத்தைந்து கி.மீ. சொச்சம் ஆகும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வர, சைலன்சர் உலர, பேரிங்கில் புதிய எண்ணெய்ப் படலம் ஏற, சீல்களின் உதடு நனைய அந்தத் தூரம் தாராளம்.